ஹேண்டிலில் இன்னொரு கை

இது நடந்தது. நடந்த ஊர் முக்கூடல். நடந்த காலம் தொண்ணூற்றைந்தாம் வருஷத்துக் கத்திரி வெயில். பேய் என்றால் அமாவாசை வேண்டும், இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். இதில் ராத்திரியே கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், நிழல் காலுக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும் உச்சி வேளையில் நடந்தது.

சண்முகசுந்தரி கதை கட்டுகிறவள் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிற ஆள். பயந்த சுபாவமும் கிடையாது. அவளிடம் இருந்தது வேறொன்று. செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமை. அதை அவளே பிற்பாடு ஒளிக்காமல் சொன்னாள். அதனால்தான் மற்றதையும் நம்ப வேண்டியிருக்கிறது.

நாறும்பூநாதனுக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் சித்ரலேகா. மஞ்சள் காமாலையில் போனவள். பிள்ளை கிடையாது. அவள் போய் இரண்டு வருஷம் கழித்துச் சுந்தரியைக் கட்டிவைத்தார்கள். ஆள் தங்கமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். பொய்யில்லை. குடி இல்லை, கோபம் இல்லை, வயலும் வாழையும் உண்டு, சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரச் செட்டுக்குப் போய்விடுவார். அங்கே அந்த டிராக்டர் நின்றது.

அவருடைய அப்பா காலத்து வண்டி. ஊரில் அதற்குச் சீமை டிராக்டர் என்று பேர். நீண்ட மூக்கு, மங்கின பச்சை, உட்கார இரும்புத் தட்டு. பேட்டரி கிடையாது, சாவி கிடையாது. முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். முதலில் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வயல் வேலைக்குப் புது டீசல் வண்டி ஒன்று வாசலில் நின்றது. இது சும்மா நின்றது. சித்ரலேகா செத்த நாளிலிருந்து ஒரு தரம்கூடக் கிளம்பவில்லை என்றார்கள்.

கிளம்பாத வண்டியை அவர் தினமும் துடைத்தார். எண்ணெய் விட்டார். மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடைக்கிற துணி ஒரு பழைய நூல் சேலையின் கிழிசல். கடுகு மஞ்சள், ஓரத்தில் அரக்குக் கரை. துடைத்து முடித்ததும் அழுக்குத் துணி என்று வீசமாட்டார். நாலாக மடித்து இருக்கைக்கு அடியில் வைப்பார். அது யார் சேலை என்று சுந்தரி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

மிச்சத்தை இசக்கித்தாய் சொன்னாள். களை பறிக்க வருகிறவள், வேலை இல்லாத நாட்களில் புறவாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுவாள்.

“சித்ராம்மா அதக் கெளப்பிப் பாத்திருக்கணும்மா. சேலையத் தூக்கிச் சொருகுவாவ. எடது கையிலதான் பிடிப்பாவ. அவுகளுக்கு எல்லாமே எடது கை. ஒரே இழுப்பு. வரப்புல நிக்க எங்களுக்கே நெஞ்சு அதிரும்.”

“ஏன், ஆம்பளைங்க கெளப்ப மாட்டாங்களாக்கும்?”

“கெளப்புவாவ, பத்து தரம் சுத்தி. இவுக கைக்குத்தான் அது சட்டுனு கேக்கும். அண்ணாச்சி பக்கத்துல நின்னு ஸ்குரூவத் திருப்புவாவ. சித்ராம்மா காத வச்சுக் கேட்டுட்டு, ‘நாறும்பூ, இன்னும் கொஞ்சம்’பாவ.”

சுந்தரி முறத்தைக் கீழே வைத்தாள்.

“பேரச் சொல்லியா கூப்பிடுவா?”

“ஆமா. பேரச் சொல்லித்தான். அண்ணாச்சி சிரிச்சுக்கிடுவாவ.”

அன்று ராத்திரி சுந்தரிக்குச் சோறு இறங்கவில்லை. ‘ஏங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டு இரண்டு வருஷம் இந்த வீட்டில் இருந்துவிட்டாள். அவர் சிரித்து ஒரு நாளும் பார்க்கவில்லை.

சித்திரை பிறந்ததும் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கிறவர். தோள் அகலமான ஆள். நாறும்பூநாதன் அவரை ஹேண்டிலைச் சுற்ற மட்டும் விட்டார். ஸ்பேனரை எடுத்தபோது, “அது வேண்டாம்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் சட்டை நனைகிற வரை சுற்றினார். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. அடுக்களை ஜன்னலில் நின்ற சுந்தரி வந்தவரைப் பார்க்கவில்லை. தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு திருப்தி இருந்தது. என்னுடையது, வேறு யாருக்கும் மசியாது என்கிற திருப்தி.

“குடுத்திருக்கலாம்லா?” என்றாள் வந்தவர் போன பிறகு.

“எதுக்கு?”

“ஓடாத வண்டி.”

“ஓடாட்டி இருந்துட்டுப் போகுது.”

“அது கிட்ட உக்காந்திருக்க நேரத்துல எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம்.”

அவர் அந்தத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார். இருக்கைக்கு அடியில் வைத்தார். அப்புறம் வயலுக்குப் போய்விட்டார்.

சுந்தரி அங்கேயே நின்றாள். வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். இதை நான் கிளப்ப வேண்டும். இவர் கண் முன்னால் கிளப்ப வேண்டும்.

டீசல் வண்டிக்கு எண்ணெய் மாற்ற வந்த மெக்கானிக் பலவேசத்திடம் பேச்சுவாக்கில் விசாரித்தாள். அவன் வாயில் போட்ட பாக்கை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான்.

“உங்களுக்கு எதுக்குக்கா அந்தப் பொல்லாத வண்டி?”

“தெரிஞ்சுக்கிடுதேன். சொல்லு.”

சொன்னான். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். கழற்றிய பிளக்கை வயரோடு எஞ்சின் இரும்பில் சாய்த்து வைத்து ஹேண்டிலைச் சுற்றினால் நுனியில் நீலமாக ஒரு பொறி விழ வேண்டும். பொறி இல்லையென்றால் தலைகீழாக நின்றாலும் கிளம்பாது. ஹேண்டிலை மேல் நோக்கித்தான் இழுக்க வேண்டும், கீழே அமுக்கக் கூடாது.

“முக்கியமானது இது. பெருவிரலச் சுத்திப் பிடிக்காதீங்க. எல்லா விரலும் ஒரே பக்கம் இருக்கணும். எஞ்சின் எதிர்த்து அடிச்சா கை போயிரும்.”

மறுநாள் உச்சிக்கு, அவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்த நேரத்தில், சுந்தரி செட்டுக்குள் போனாள். இசக்கித்தாயைத் துணைக்குக் கூப்பிட்டாள். “இந்த வேளையில அங்கன நான் வரமாட்டேன்மா” என்று அவள் பீடித் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

தகரக் கூரை வெயிலில் ‘டிக்... டிக்...’ என்று விரிந்துகொண்டிருந்தது. உள்ளே அடுப்புக்குள் நிற்பது மாதிரி அனல். சுவரில் ஆணியில் தொங்கிய ஹேண்டிலை எடுத்தாள். சுட்டது. முந்தானையால் பிடித்து முன்னால் சொருகினாள். பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டினாள். ஒன்றை இரும்பில் சாய்த்து வைத்துச் சுற்றினாள்.

பொறி இல்லை.

இன்னும் பலமாகச் சுற்றினாள். இல்லை. எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, ஹேண்டிலை ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் போனபோது ஹேண்டில் ஆணியில் இல்லை. வண்டியின் முன்னால் சொருகியிருந்தது. அவர் சொருகியிருப்பார் என்று நினைத்தாள். அன்றும் பொறி இல்லை. திரும்பும்போது நன்றாக ஞாபகம் வைத்து ஆணியில் மாட்டினாள்.

அதற்கடுத்த நாளும் சொருகியிருந்தது.

காலையில் அவள் எட்டிப் பார்த்தபோது ஆணியில்தான் தொங்கியது; அவரோ வீட்டில் இல்லை. விடியும் முன்பே அம்பாசமுத்திரம் போனவர். சுந்தரிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். யாரோ தன் வேலையில் கை வைக்கிறார்கள். குனிந்து ஹேண்டிலைப் பிடித்தாள்.

பிடித்த இடம் சுட்டது. அதற்குப் பக்கத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்... சில்லென்றிருந்தது. ஆற்றுக்குள் கிடந்த கல்லைத் தொட்டது மாதிரி.

கையை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். சுடுகிற இரும்பு. சில்லென்ற ஒரு இடம். அப்புறம் மறுபடி சுடுகிற இரும்பு.

பெட்ரோல் வாடை அடித்தது. குழாயைப் பார்த்தாள். அவள் திறக்கவில்லை. திறந்திருந்தது.

பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்து மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள்.

‘டக்.’

நுனியில் நீலமாகப் பொறி விழுந்தது.

அப்போதாவது வெளியே வந்திருக்கலாம். அவளே அப்படித்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். சித்ரலேகா கைக்குக் கேட்ட வண்டி என் கைக்கும் கேட்கிறது என்கிற சந்தோஷம். பிளக்கைப் பூட்டினாள். சேலையைத் தூக்கிச் சொருகினாள். விரல்களை ஒரே பக்கமாக வைத்து வலது கையால் ஹேண்டிலைப் பிடித்தாள். கனமாக இருந்தது. மூச்சைப் பிடித்து இழுத்தாள்.

பாதியில் கனம் போய்விட்டது.

எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ சேர்ந்து பிடித்துத் தூக்கினால் குடம் எப்படி இலேசாகுமோ அப்படி. ஹேண்டில் தானாக மேலே வந்தது. ‘டக்’ என்றது. எஞ்சின் ஒரு தரம் இருமியது. கரும்புகையைக் கக்கியது. அப்புறம்... பட்-பட்-பட்-பட்...

செட்டே அதிர்ந்தது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். சுந்தரி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நாறும்பூநாதன் அப்போதுதான் அம்பாசமுத்திரம் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார். செருப்பு ஒரு காலில் இல்லாமல் ஓடி வந்தார். செட்டு வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“சித்ரா...” என்றார்.

சுந்தரியின் சிரிப்பு நின்றது.

“நான்தான். நான்தான் கெளப்புனேன்.”

அவர் அவளைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். வெகு நேரம் எஞ்சினைப் பார்த்தார். அப்புறம் கிட்ட வந்து சுந்தரியின் கையைப் பிடித்தார். கருப்பு எண்ணெய் ஒட்டிய அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் அவர் அப்படிப் பிடித்ததில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

“நாளைக்கும் கெளப்புதியா?” என்று கேட்டார்.

அதற்கப்புறம் தினமும் உச்சிக்கு அவரே வந்து கூப்பிட்டார். அவள் ஹேண்டிலை இழுப்பாள். முதல் இழுப்பில் கிளம்பிவிடும். அவர் பக்கவாட்டில் குனிந்து, காற்றும் பெட்ரோலும் கலக்கிற இடத்து ஸ்குரூவைத் திருப்புவார். எஞ்சின் மூச்சு வாங்கும், தடுமாறும், அப்புறம் சீராகும். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். குரல் கனத்து இறங்கும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். வீட்டில் பேச ஆரம்பித்தார். பூ வாங்கி வந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது சிரிக்கக்கூடச் செய்தார்.

சுந்தரி சில நாட்கள் அதில் மிதந்தாள். அப்புறம் ஒன்றைக் கவனித்தாள்.

அவள் ஹேண்டிலை இழுக்கும்போது அவர் அவளைப் பார்ப்பதில்லை. அவளுக்கு இடது பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார்.

அந்தச் சில்லென்ற இடமும் நாளுக்கு நாள் கிட்ட வந்தது. முதலில் அவள் கைக்கு நாலு விரல் தள்ளி இருந்தது. பிறகு ஒட்டி வந்தது. ஒரு நாள் அவள் சுண்டுவிரல் மேலேயே ஏதோ பட்டது. இழுக்கும்போது காதருகில் வளையல் சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல். கலகலவென்று இல்லை. ஒன்றோடொன்று இலேசாக உரசுகிற சத்தம். சுந்தரி போட்டிருந்தது இரண்டு தங்கக் காப்பு. அதற்கு அந்தச் சத்தம் கிடையாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை மூடிவிடுவார்கள். வண்டியை மூடினால் அவர் பழையபடி ஆகிவிடுவார். அந்த யோசனைதான் அவளைச் சுட்டது. பூ வாங்கி வந்தது எனக்கா? கையைத் திருப்பிப் பார்த்தது என் கையையா? தூங்க முடியவில்லை. பக்கத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

கத்திரி முடிகிற வாரம். அன்று காற்றே இல்லை. வாழை இலைகள் அசையாமல் நின்றன. காக்கைகூடக் கத்தவில்லை. அவர் முன்னாடியே செட்டுக்குள் போய் எஞ்சின் மூடியைத் தூக்கி வைத்துக் காத்திருந்தார்.

“வா” என்றார்.

சுந்தரி குனிந்து ஹேண்டிலைப் பிடித்தாள். சில்லென்று ஒன்று அவள் கையை மூடியது. இந்த முறை விரல்கள் தெரிந்தன. ஐந்தும். வளையல் உரசியது. கழுத்துக்குப் பின்னால் மஞ்சளும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை.

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவருக்குக் கேட்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“கைய எடு. இது என் வீடு. அவரு என் புருஷன். நானே கெளப்பிக்கிடுதேன். நீ கைய எடு.”

ஒரு கணம் ஒன்றும் இல்லை.

அப்புறம் கை விலகியது.

ஒவ்வொரு விரலாக... பைய... விலகியது.

ஹேண்டில் கல்லாகக் கனத்தது. சுந்தரி விடவில்லை. இரண்டு காலையும் ஊன்றி முழுப் பலத்தோடு இழுத்தாள். அரைச் சுற்று வந்தது. ‘டக்.’

எஞ்சின் எதிர்த்து அடித்தது.

விரலை அவள் சரியாகத்தான் வைத்திருந்தாள். அப்படியும் ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டில் விழுந்தது. குச்சி முறிகிற சத்தம். அவள் மண்ணில் விழுந்தாள். கத்த வாய் திறந்தாள். குரல் வரவில்லை.

குரல் வராமலே பார்த்தாள். ஹேண்டில் மெதுவாகக் கீழே இறங்கியது. நின்றது.

மேலே வந்தது.

ஒரே இழுப்பு.

பட்-பட்-பட்-பட்...

“ஏங்க...” என்றாள்.

அவர் திரும்பவில்லை. ஸ்குரூவில் கை வைத்திருந்தார். தலையைச் சாய்த்திருந்தார்.

“இப்பம்?” என்று கேட்டார்.

சுந்தரியை அல்ல.

கொஞ்சம் பொறுத்தார். சிரித்தார்.

“இன்னும் கொஞ்சமா?... சரி.”

திருப்பினார். எஞ்சின் சீரானது. அவ்வளவு சீராக அது என்றைக்கும் ஓடியதில்லை.

சுந்தரி ஒரு கையால் தவழ்ந்தாள். பெட்ரோல் குழாயை எட்டிப் பிடித்து மூடினாள். அடங்கும் என்று பார்த்தாள்.

அடங்கவில்லை.

எழுந்து பிளக் வயர்களைப் பிடித்தாள். ஒன்றைப் பிடுங்கினாள். இரண்டாவதை. மூன்றாவதை. நாலாவதை. நாலு வயரும் அவள் கையில் தொங்கின.

பட்-பட்-பட்-பட்...

ஓடியது.

ஒரு வயரும் இல்லாமல் ஓடியது.

அவருடைய தோள் மேல் சட்டைத் துணி அமுங்கியிருந்தது. கை வைத்தால் அமுங்குமே, அப்படி. ஐந்து குழி.

இடது கை.

சுந்தரி அப்போதுதான் கத்தினாள். என்ன கத்தினோம் என்று அவளுக்கே தெரியாது. கேட்டவர்கள் சொன்னார்கள். தெருக்கோடிவரை கேட்டதாம்.

“நாறும்பூ!”

எஞ்சின் நின்றது.

அவர் திரும்பினார். தூங்கி எழுந்தவர் மாதிரி முழித்தார். கத்திய வேகத்தில் மண்ணில் சரிந்திருந்தவளைப் பார்த்தார். வளைந்து தொங்கிய மணிக்கட்டைப் பார்த்தார். “ஐயோ, சுந்தரி...” என்று ஓடி வந்து அவளைத் தூக்கினார். அந்த வீட்டில் அவர் அவள் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். ஹேண்டில் அடித்தது என்று அவர் சொன்னார். அங்கே யாரும் அதிகமாக விசாரிக்கவில்லை. நாறும்பூநாதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் சுந்தரி சொன்னாள்.

“அந்த வண்டி இருக்க வீட்டுக்கு நான் வரமாட்டேன்.”

“குடுத்துருதேன்” என்றார். வாதாடவில்லை.

கோயம்புத்தூர்க்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் லாரி கொண்டுவரும் முன் ஒரு தரம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடச் சொன்னார். பலவேசம் வந்தான். அன்று காலை வேளை, இளவெயில். இசக்கித்தாய்கூட வந்து நின்றாள். சுந்தரி கட்டுப் போட்ட கையோடு வேப்ப மரத்தடியில் நின்றாள். நாறும்பூநாதன் அவளுக்குப் பின்னால் நின்றார்.

பலவேசம் எஞ்சின் பக்கவாட்டில் இருந்த மேக்னட்டைத் திறந்தான். பேட்டரி இல்லாத வண்டியில் பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்குகிற பெட்டி அதுதான். அதன் வயிற்றில் செம்புக் கம்பி சுற்றிய காயில் இருக்கும். மூடியை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“என்னலே?” என்றார் நாறும்பூநாதன்.

“அண்ணாச்சி... இதுல காயிலே இல்ல.”

சுந்தரி கிட்டப் போய்ப் பார்த்தாள். உள்ளே வெறும் கூடு. அந்த இடத்தில் ஒரு குளவிக்கூடு இருந்தது. மண் காய்ந்து வெளுத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

“இது நேத்தைக்கு எடுத்தது இல்லக்கா. வருசக்கணக்கா காயில் இல்லாமத்தான் கெடக்கு. இது இல்லாம பொறி விழாது. இத வச்சு எப்படி ஓட்டுனீங்க?”

“ஓடுச்சே” என்றாள் இசக்கித்தாய். “நான் கேட்டேன். ஊரே கேட்டுச்சு.”

பலவேசம் ஸ்பேனரைத் துணியில் சுருட்டினான். வேலையை முடிக்காமலே போய்விட்டான். இசக்கித்தாயும் போய்விட்டாள்.

சுந்தரி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க அது?”

“ஆத்துல.”

“எந்த ஆத்துல?”

“பாபநாசத்துல. அவ அஸ்தியக் கரைக்கப் போனப்பம் கூடக் கொண்டு போனேன். அஸ்தியோட சேத்து உள்ள விட்டுட்டேன்.”

 அவர் ஓடி வந்து வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றது சுந்தரியின் கண்ணுக்குள் வந்தது. ரத்தமில்லாத அந்த முகம். நாளைக்கும் கிளப்புகிறாயா என்று கேட்டது.

“அப்பம் மொத நாளே ஒங்களுக்குத் தெரியும்.”

அவர் செட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எதுக்கு ஆத்துல போட்டீங்க?”

அவர் வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

“அவதான் கேட்டா. கடைசி நாள்ல. கண்ணெல்லாம் மஞ்சளா... ‘நீ இன்னொருத்தியக் கட்டிக்கோ, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இன்னொருத்தி கையால இந்த வண்டி மட்டும் கெளம்பக் கூடாது’ன்னா. எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா.”

சுந்தரி தன் கையைப் பார்த்தாள். அத்தனை நாள் இழுத்த கை. வண்டியைக் கிளப்பத் தனியாக இழுத்தது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் வண்டி கிளம்பவில்லை; மற்ற நாளெல்லாம் கிளப்பியது சித்ரலேகாவின் கை.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தார். அவரால் முடியாத இடத்தில் சித்ரலேகா வந்து காப்பாற்றியிருந்தாள்.